அடைப்பு

இந்தக் காலத்து ஆட்களுக்கு உடம்பு கண்ணாடிச் சாமான் ஆகிவிட்டது என்பது வேலுச்சாமியின் கட்சி. தும்மினால் லீவு, இருமினால் லீவு. கிளினிக்கில் போய் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு, ஒரு சீட்டை வாங்கிக்கொண்டு வந்து, ஏ.சி.யைப் போட்டுப் போர்வைக்குள் புகுந்துகொள்கிறார்கள். அவர் அபுதாபிக்கு வந்து பதினேழு வருஷம். காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்தவரில்லை. காய்ச்சல் வரவில்லை என்று அர்த்தமில்லை. வந்தது, அவரோடு டூட்டிக்கும் வந்தது, பிறகு அதுவாகவே போய்விட்டது.

முசஃபாவில் கம்பெனி ரூம் வாசலில், குளம் அரிக்கிற வலைக் கம்புகளைப் பிக்கப்பின் முதுகில் எறிந்துகொண்டே இதையெல்லாம் அவர் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். குறிப்பிட்டு யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் யார் காதில் விழ வேண்டுமோ அவன் நாலடி தள்ளிச் சுவரில் சாய்ந்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு நின்றான். ஜெயசீலன். அவருடைய தங்கை பஞ்சவர்ணத்தின் புருஷன். நாலு வருஷத்துக்கு முன் போர்மேனைக் கெஞ்சி அவரே விசா எடுத்துக் கூட்டி வந்த மாப்பிள்ளை.

"என்னய்யா மாப்ள, செவுத்துக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு நிக்கிறியா?"

"இல்ல மச்சான். நெஞ்சுக்குள்ள கரிச்சுக்கிட்டே இருக்கு. எடது கை வேற கனக்குது."

"நேத்து கோழிக் கொழம்ப ரெண்டு தரம் ஊத்திக்கிட்டீல்ல. கரிக்காம என்ன பண்ணும்? வாயுவு. போற வழில சோடா வாங்கித் தர்றேன், ஏறு."

"இன்னைக்கு ஒரு நாள் ரூம்லயே இருந்துக்கட்டுமா மச்சான்?"

"தாராளமா இரு. போர்மேனுக்கு நீயே போன் போட்டுச் சொல்லிரு. மூணு நாளா புழுதிக் காத்து. சாயந்திரம் அந்த வெள்ளக்காரம்மா பிள்ளைக்குப் பொறந்த நாளாம், ஊர்ப்பட்ட பிள்ளைங்க தண்ணிக்குள்ள குதிக்கும். நான் ஒத்த ஆளா நின்னு பொறுக்கிக்கிறேன். எனக்கென்ன, அம்பத்தெட்டு வயசுதான ஆவுது."

ஜெயசீலன் எதையும் இரண்டாவது முறை கேட்கிற ஆளில்லை. தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். வழியில் இரண்டு பக்காலாக்கடை வந்தது. வேலுச்சாமி எந்த மோட்டார் ரூமில் குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தார். சோடா ஞாபகமே வரவில்லை.

*

பன்னிரண்டு வில்லாக்களுக்கு நடுவில் ஒரு நீச்சல் குளம். அதுதான் அந்த காம்பவுண்டு. வாசல் காவலுக்கு, அங்கே சொல்கிறபடி நாத்தூராக, மக்தூம் இருப்பான். கீழக்கரைப் பக்கத்து ஆள். சொந்தமாகக் கடை வைக்க வந்து, கூட்டாளி கைவிட்டதில் காவல்காரனாக உட்கார்ந்துவிட்டவன். அந்தத் தெருவில் தமிழில் திட்டுவதற்கு வேலுச்சாமிக்கு இருந்த ஒரே வெளி ஆள் அவன்தான்.

"வாங்கண்ணே. இன்னைக்குக் குளத்துல நெல்லு நடலாம்" என்று அவன் கேட்டைத் திறந்தான்.

பொய் சொல்லவில்லை. தண்ணீரின் மேல் பாலாடை போலப் புழுதி படர்ந்திருந்தது. அதில் காகிதப் பூ இதழ்கள், பேரீச்சை நார், வெட்டுக்கிளிகள், முந்தின வாரம் குளித்தவர்கள் பூசியிருந்த எண்ணெயின் வானவில்.

இந்தக் குப்பையை எடுக்கத்தான் குளத்துச் சுவரில் ஒரு சதுர ஓட்டை வைத்திருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் அதை ஸ்கிம்மர் என்றார்கள். வேலுச்சாமிக்கு அந்தப் பெயர் நாக்கில் புரளவில்லை. வாய் என்று சொன்னார். அதையே எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். வாய்க்கு ஒரு நாக்கும் உண்டு, தண்ணீரில் ஆடுகிற பிளாஸ்டிக் கதவு. தொண்டையில் ஒரு கூடை. கூடைக்குக் கீழே மோட்டாருக்குப் போகிற குழாய்.

அந்த வாயை ஆறு மாதமாக வேலுச்சாமி அடைத்து வைத்திருந்தார்.

போன குளிர்காலத்தில் நடந்தது அது. ஒரு நாள் குளத்தில் தண்ணீர் இறங்கி வாய்க்குக் கீழே போய்விட்டது. தண்ணீருக்குப் பதில் காற்றைக் குடித்த மோட்டார் புகைந்து நின்றது. தண்ணீர் விட மறந்தது வேலுச்சாமிதான். மலையாளி போர்மேன், வில்லாப் பிள்ளைகள் பார்க்க, வேலைக்காரப் பெண்கள் பார்க்க, அவரை அரபியில் 'ஹிமார்' என்றான். கழுதை. குளத்துக்குள் நின்ற ஒரு பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தது. அன்றோடு அவருக்கு அந்த வாயின் மேல் நம்பிக்கை போய்விட்டது. மனுஷனையே நம்ப முடியவில்லை, சுவரில் இருக்கிற ஓட்டையையா நம்புவது? ஒரு தடித்த துண்டை உருட்டிக் கயிறு போட்டுக் கட்டி, கூடையைத் தூக்கிவிட்டுத் தொண்டையில் இறுக்கி அறைந்தார். கூடையை மேலே வைத்து மூடிவிட்டார். மோட்டார் அடித்தரைக் குழாய் வழியாக மட்டும் தண்ணீரை இழுத்தது. காற்றுக்கு வழியில்லை. போர்மேனுக்குத் தெரியாது. மேலே மிதக்கிற குப்பைக்கு வலை இருக்கிறது, கை இருக்கிறது.

கை பெரும்பாலும் ஜெயசீலனுடையதாக இருந்தது.

"மச்சான், இன்னைக்காச்சும் வாயத் தெறந்து விட்டுருவமா?" என்று ஜெயசீலன் குளத்தங்கரையில் குந்தி உட்கார்ந்து கேட்டான். எட்டரை மணிக்கே தரைக் கல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. "தண்ணிய நாலு வெரல் ஏத்துனா வாயில பாதிக்கு நிக்கும். அவ்வளவுதான் கணக்கு. பாதிக்குக் கொறைஞ்சாத்தான் காத்து. முழுசா முங்குனாலும் இழுக்காது. பாதில நின்னா மேலாக்க இருக்கிற தண்ணி மட்டும் நாக்கத் தாண்டி வழுக்கிக்கிட்டு உள்ள போவும். இந்தப் புழுதி பூரா தன்னால நடந்து வந்து கூடைல விழுந்துரும்."

"புழுதிக்குக் கால் மொளச்சிருக்கா, நடந்து வர்றதுக்கு?"

"எதிர்க்கரைல தண்ணி வந்து விழுவுதுல்ல, அது தள்ளி விட்டுரும் மச்சான். மோட்டாரு நின்னாலும் நாக்கு நிமிந்துக்கும், உள்ள போனது திரும்பி வராது. இது மேல மெதக்கிறப்பவே பிடிச்சாத்தான் உண்டு. மத்தியானத்துக்குள்ள ஊறி அடில எறங்கிருச்சுன்னா பிரஷ் போட்டு, ஓஸ் போட்டு, ரெண்டு நாள் வேலை."

"எல்லாத்துலயும் ஒனக்கு ஒரு குறுக்கு வழி வேணும். வலை எதுக்கு இருக்கு? மிஷின் செய்யும்னு கையக் கட்டிக்கிட்டு உக்காந்தா நாளைக்கு உன்னையும் என்னையும் எதுக்கு வச்சிருப்பான்? போட்டு அரிய்யா."

ஜெயசீலன் சிரித்தான். இந்த ஆறு மாதத்தில் ஒரு வார்த்தை அவன் போர்மேனிடம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. மச்சான் அடைத்த வாய் அடைத்தபடியே இருந்தது. வலைக் கம்பை எடுத்துக்கொண்டு அவன் ஆழப் பக்கத்திலிருந்து அரிக்க ஆரம்பித்தான்.

வேலுச்சாமி மோட்டார் ரூமுக்குள் போனார். வேலையும் இருந்தது, நிழலும் இருந்தது. பில்டரைக் கழுவினார். தரையைக் கழுவினார். கழுவ வேண்டாத வாளியைக் கழுவினார். கம்பு கரையில் உரசுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் வரும், கொஞ்ச நேரம் நிற்கும். நிற்கும்போதெல்லாம் அவர் உள்ளிருந்தே குரல் கொடுத்தார். "என்ன மாப்ள, தூங்கிட்டியா?" சத்தம் மறுபடி வரும்.

பதினொரு மணி வாக்கில் நின்ற சத்தம் மறுபடி வரவில்லை.

வெளியே வந்து பார்த்தார். வலைக் கம்பு குளத்து நடுவில் மிதந்தது. முதலில் அவர் பார்த்தது அதைத்தான். கம்பைத் தண்ணீரில் விட்டதற்குக் கோபம் வந்தது. ஜெயசீலன் கரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். ஒரு கால் தண்ணீருக்குள் தொங்கியது.

"எந்திரிய்யா. இந்த நடிப்பெல்லாம் போர்மேன்கிட்ட வச்சுக்க."

அவன் எழுந்திருக்கவில்லை. வேலுச்சாமி போய், காலால் அவன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். தங்கச்சி புருஷனைக் காலால் தட்டினார். உடம்பு மல்லாந்து திரும்பியது. வாய் பிளந்திருந்தது.

"மக்தூமு! ஏய் மக்தூமு!"

மக்தூம் ஓடி வந்து பார்த்து, "யா அல்லா" என்று சொல்லி, போன் செய்யத் திரும்பி ஓடினான். அவன் போய் வருவதற்குள் கொஞ்ச நேரம் இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் வேலுச்சாமி, மாப்பிள்ளையின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருக்கலாம். நெஞ்சை அமுக்கியிருக்கலாம். பெயரையாவது சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்.

அவர் நேராக வாய் இருக்கிற இடத்துக்குப் போய், கரையில் இருந்த மூடியைத் திறந்து, கூடையைத் தூக்கி, கயிற்றைப் பிடித்துத் துண்டை வெளியே இழுத்தார். போர்மேன் வருவான். போலீஸ் வரும். வாய் அடைத்திருப்பதைப் பார்த்தால் கேள்வி வரும். அவர் புத்திக்கு அப்போது எட்டியது அவ்வளவுதான்.

சொட்டச் சொட்டத் துண்டோடு அவர் நின்றபோது மக்தூம் வந்துவிட்டான். "நல்லது பண்ணீங்கண்ணே, குடுங்க" என்று அதைப் பிடுங்கி, மண்டியிட்டு, ஜெயசீலனின் முகத்தையும் கழுத்தையும் துடைக்க ஆரம்பித்தான். ஆறு மாதம் குழாய்க்குள் கிடந்த துண்டு. பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. அவன் கவனிக்கவில்லை. வேலுச்சாமி தடுக்கவும் இல்லை.

*

ஆஸ்பத்திரியில் சீக்கிரம் முடிந்துவிட்டது. எகிப்துக்கார டாக்டர் வெளியே வந்து ஏதோ சொன்னார். மலையாளத்து நர்ஸ் அதைத் தமிழ் மாதிரி ஆக்கினாள். "வரும்போதே போயி. ஹார்ட்டிலே பழைய அடைப்பு உண்டாயிருக்கும்னு டாக்டர் பறையுது. திடீர்னு வந்ததல்ல."

அடைப்பு என்ற சொல் வேலுச்சாமியைத் திடுக்கிட வைத்தது. இவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகுதான் அவள் மாரடைப்பைச் சொல்கிறாள் என்று புரிந்தது.

ஒரு போலீஸ்காரர் நோட்டோடு வந்து உட்கார்ந்தார். சின்ன வயசு. இந்தியில் மரியாதையாகத்தான் கேட்டார். நீங்கள் என்ன உறவு? எத்தனை மணிக்கு? அந்த நேரத்தில் அவன் என்ன வேலை செய்துகொண்டிருந்தான்?

"லேசான வேலைதான் சாப்" என்றார் வேலுச்சாமி. "நிழலில் நின்றுகொண்டிருந்தான்."

"உடம்பு சரியில்லை என்று சொன்னானா?"

"இல்லை சாப். ஒன்றும் சொல்லவில்லை."

போலீஸ்காரர் வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டே போனார். அவர் எழுதி முடித்துக் காட்டிய இடத்தில் வேலுச்சாமி பெருவிரலை உருட்டினார். கையெழுத்துப் போடத் தெரியும். பெயரை எழுதக் கை வரவில்லை.

போர்மேன் அதற்குள் காம்பவுண்டுக்குப் போய்விட்டு வந்திருந்தான். வேலுச்சாமியின் தோளில் கை வைத்து, "வேலுச்சாமி, நீ ஒண்ணும் விஷமிக்கண்டா, வருத்தப்படாத. பாடி நாட்டுக்கு அனுப்பற காரியம் கம்பெனி நோக்கும். நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஆபீஸ் இல்ல. சனிக்கிழமை பேப்பர் தொடங்கும். ஒராள் கூடப் போகலாம், நீ போய்க்கோ" என்றான். பிறகு, பேச வேறு எதுவும் கிடைக்காமலோ என்னவோ, "குளத்திலே ஸ்கிம்மர் எல்லாம் சரியாணு. தண்ணி கொஞ்சம் ஏத்தி விட்டு மோட்டார் போட்டுட்டு வந்திருக்கேன்" என்றான்.

கழுதை என்று சொன்ன வாயால் அவன் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான்.

மக்தூம்தான் ஊருக்குப் போன் செய்தான். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் ஊர். வீட்டில் போன் கிடையாது. கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்காரர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, தானே போய்ச் சொல்வதாகவும், மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பஞ்சவர்ணத்தைக் கூட்டி வந்து போனுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பதாகவும் சொன்னார்.

*

ஊரில் ஒன்பது என்றால் இங்கே ஏழரை. வெள்ளிக்கிழமை காலை, டூட்டி இல்லாத நாளில், வேலுச்சாமி தனியாக பஸ் பிடித்துக் காம்பவுண்டுக்கு வந்தார். மக்தூமிடம் போன் கார்டு இருந்தது. கேட்டுக்கு வெளியே கார்டு போன் பெட்டி இருந்தது. அதற்காகத்தான் வந்தார். இன்னும் கால் மணி நேரம் இருந்ததால் கால் அதுவாகக் குளத்துப் பக்கம் போனது.

தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது. அடியில் பதித்த நீலக் கல்லின் விளிம்புகூடத் தெரிந்தது. மேலே ஒரு தூசி இல்லை. விருந்தை நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது, கரையோரம் ஒரு பிள்ளை கால் பட்ட ஈரம்கூட இல்லை. யாரும் வலை போடவில்லை. மோட்டார் தூரத்தில் முனகிக்கொண்டிருந்தது. வாயின் பாதிக்குத் தண்ணீர் நின்றது. நாக்கு உள்பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்து கொண்டிருந்தது. அப்போதுதான் விழுந்த ஒரு காகிதப் பூ, எதிர்க்கரையிலிருந்து யாரும் தொடாமல், அவசரமே இல்லாமல், குளத்தின் முழு நீளத்தையும் கடந்து வந்தது. நாக்கருகில் ஒரு சுற்றுச் சுற்றித் தயங்கியது. பிறகு உள்ளே போய்விட்டது.

வேலுச்சாமி மூடியைத் திறந்து பார்த்தார். கூடை நிறைந்திருந்தது. மூன்று நாள் புழுதியும் சேறாகி, பூவும் நாரும் வெட்டுக்கிளியும் சேர்ந்து களிமண் உருண்டையாக இருந்தது. ஒரு மனுஷன் இரண்டரை மணி நேரம் வெயிலில் நின்று பாதிகூட அரித்து முடிக்காதது.

கூடையைத் தூக்கிக் கொட்ட வேண்டும். நிறைந்த கூடையை அப்படியே விட்டால் இழுப்பு குறையும். ஜெயசீலன் அதையும் சொல்லியிருக்கிறான். அவர் மூடியை மூடிவிட்டு எழுந்தார்.

"அண்ணே, மணியாச்சு" என்று மக்தூம் கூப்பிட்டான்.

அவனே கார்டைச் செருகி, எண்களை அழுத்தி, ரிசீவரை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றான். பஸ்ஸில் வரும்போதே வேலுச்சாமி சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்திருந்தார். நிழல். லேசான வேலை. ஒன்றும் சொல்லவில்லை. போலீசிடம் சொன்ன அதே மூன்று.

"அண்ணே..." என்றது குரல். அவர் தங்கச்சியின் குரல் மாதிரி இல்லை. தொண்டை கட்டிப் போய் யாரோ கிழவி பேசுவது போல இருந்தது.

"பஞ்சு."

"போயிட்டாராண்ணே? நெசந்தானா? பூத்துக்காரரு தப்பாக் கேட்டுட்டாரோன்னு..."

"நெசந்தான் ஆத்தா."

அவள் அழுதாள். பின்னால் வேறு பெண்களின் அழுகையும் கேட்டது. லைனில் அவர் சொன்னது போய்ச் சேரவும், அவள் சொன்னது வந்து சேரவும் ஒரு மூச்சு நேரம் பிடித்தது.

"வெயில்ல நின்னாராண்ணே?"

"இல்ல பஞ்சு. நெழல்லதான்... லேசான வேலைதான்."

"எனக்குத் தெரியும்ண்ணே. நீ இருக்கிறப்ப அவர வெயில்ல விடுவியா? போன லெட்டர்லகூட எழுதியிருந்தாரு. மச்சான் கோவக்காரரு, ஆனா எனக்கு முன்னாடி ஒரு செவுரு மாதிரி நிக்கிறாரு, நீ ஒண்ணும் கவலப்படாதன்னு."

வேலுச்சாமி ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தார். எதிரே இருந்த மதிலைப் பார்த்தார். மறுபடி காதில் வைத்தார். இனி ஒத்திகை பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை.

"பஞ்சு, நான் சொல்றதக் கேளு. அழுவாமக் கேளு. எல்லாம் என்னாலதான். வாய அடச்சது நாந்தான். துண்ட வச்சு, இந்தக் கையால நாந்தான் அடச்சேன்."

மக்தூம் சட்டென்று திரும்பிப் பார்த்தான்.

லைனில் ஒன்றும் இல்லை. ஒரு மூச்சு நேரம். இரண்டு மூச்சு நேரம். அவள் கத்தப் போகிறாள், பாவி என்று சொல்லப் போகிறாள், மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று வேலுச்சாமி காத்திருந்தார். வரட்டும் என்று காலை அகட்டி நின்றார்.

"அண்ணே..." என்றாள் அவள். "நீயா அடச்ச? ஒன் கையாலயா?"

"நாந்தான்."

"எஞ்சாமி! அது ஒண்ணுதாண்ணே நேத்துலேருந்து என் வவுத்தப் பெசஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கேக்க நாதியில்லாத ஊர்ல, வாயத் தொறந்தபடி ஈ மொய்க்கக் கெடந்தாரோ, யாரு வாய்க்கட்டு கட்டுனாங்களோன்னு. பெத்த புள்ள செய்ய வேண்டியத நீ செஞ்சிருக்கியேண்ணே."

"அது இல்ல பஞ்சு. நான் சொல்றது தொட்டி வாயி. தண்ணித் தொட்டில..."

அவர் சொன்னது போய்ச் சேருவதற்குள் அவள் ரிசீவரை விட்டு முகத்தைத் திருப்பிவிட்டாள். தூரத்தில், பூத்தில் கூடியிருந்தவர்களிடம் அவள் சொல்வது கேட்டது. "எங்கண்ணன் தன் கையால துண்ட வச்சு வாயக் கட்டி விட்டுச்சாம் அத்த! அனாதையா விடல! கேட்டீங்களா, அனாதையா விடல!" பெண்களின் குரல் ஒன்றாக எழும்பியது. யாரோ வேலுச்சாமி பெயரைச் சொல்லி நல்லா இருக்கணும் என்றார்கள்.

"பஞ்சு! ஏ பஞ்சவர்ணம்! இங்க கேளு!"

பெட்டிக்குள் கிடுகிடுவென்று ஒரு சத்தம் வந்து கார்டு வெளியே துருத்தியது. லைன் செத்துவிட்டது.

வேலுச்சாமி ரிசீவரை மாட்டினார்.

"இன்னொரு கார்டு குடு."

மக்தூம் அசையவில்லை. அவன் முகம் மாறியிருந்தது. முந்தின நாள் தன் கையில் இருந்த துண்டு, அதன் பச்சை நிறம், கயிறு, எல்லாம் இப்போதுதான் அவனுக்கு ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. தன் உள்ளங்கையைச் சட்டையில் ஒரு முறை துடைத்துக்கொண்டான். ஆனால் சொன்னது வேறு.

"வேணாண்ணே. விட்டுருங்க."

"கார்டக் குடுடா."

"குடுத்து? என்ன சொல்லுவீங்க? நான் அந்த வாயச் சொல்லல, இந்த வாயச் சொன்னேன்னா? அந்தப் பொம்பளைக்கு இப்பத்தான் ஒரு பிடி கெடச்சிருக்கு. அதப் புடிச்சுக்கிட்டு அழுவுது. அதையும் புடுங்கணுமா?"

"பொய்யப் புடிச்சுக்கிட்டு அழுவுது."

"இருந்துட்டுப் போகட்டும். நீங்க என்ன விஷமா வச்சீங்க? டாக்டரே சொல்லிட்டாரு, பழைய அடைப்புன்னு. ரூம்ல படுத்திருந்தாலும் மவுத்து வந்திருக்கும். நேரம் குறிச்சாச்சுன்னா ஒரு நிமிசம் முந்தியுமில்ல, பிந்தியுமில்ல. நீங்க அடச்சதுக்கும் அவரு மார் அடச்சதுக்கும் என்ன சம்மந்தம்?"

"டாக்டரு என்ன சொன்னான்? இருக்கும்னான். இருந்துச்சுன்னு சொன்னானா? நெஞ்சப் பாத்தான். வெயிலப் பாத்தானா அவன்?"

"அண்ணே, சர்க்கார் பேப்பர்ல எழுதிட்டாங்கண்ணே. நம்ம வாய்ச் சொல்லா? முத்திரை குத்துன பேப்பரு."

வேலுச்சாமி அவனை நிமிர்ந்து பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்தான். ஆனாலும் பதினேழு வருஷமாக எந்தப் பேப்பரை நீட்டினாலும் இரண்டு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் நம்புவார்.

"அதே பேப்பர்லதான் நெழல்ல நின்னான்னும் எழுதியிருக்கு" என்றார். "எழுதச் சொன்னது நான்."

மக்தூம் பெட்டியில் துருத்தி நின்ற கார்டை உருவிக்கொண்டான். "உள்ள வந்து ஒரு சுலைமானி குடிச்சுட்டுப் போங்கண்ணே. வெயில் ஏறுது. பாடியோட நீங்கதான ஊருக்குப் போவப் போறீங்க. அங்க போயி நேர்ல பாத்துக்கலாம்" என்றான்.

"நேர்லயா" என்றார் வேலுச்சாமி.

அவர் டீக்கு நிற்கவில்லை. ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். முதுகுக்குப் பின்னால் மக்தூம் இன்னும் ஏதோ சொன்னான். படைச்சவன், விதி, புண்ணியம் என்று காதில் விழுந்தது. அவர் திரும்பவில்லை.

பஸ் ஸ்டாப்பில் கூரை கிடையாது. ஒரு விளக்குக் கம்பம் மட்டும். அதன் நிழல் ஒரு சாண் அகலத்துக்கு மணலில் நீளமாக விழுந்திருந்தது. அந்த நிழலுக்குள், ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவராக, ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். கடைசியில் நின்ற பங்களாதேசி, வயசான ஆள் வருவதைப் பார்த்து இன்னும் நெருங்கி நின்று இடம் விட்டான். "ஆவோ சாச்சா, இதர் ஆவோ."

வேலுச்சாமி வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டு, அந்த வரிசையைத் தாண்டி, அடுத்த ஸ்டாப்பைப் பார்த்து நடந்துகொண்டே இருந்தார்.